இரண்டு அந்தோணியாரும் ஒரு தலைமுடியும்

என் மகளின் முதல் மொட்டையை எங்கே போடுவது என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒன்பது மாதம் சண்டை நடந்தது. நான் அந்தோணியாருக்கு வேண்டியிருந்தேன். அவரும் அந்தோணியாருக்குத்தான் வேண்டியிருந்தார். அப்புறம் என்ன சண்டை என்று கேட்பவர்களுக்கு ஊர்க் கோயில் என்றால் என்னவென்று தெரியாது என்று நான் முடிவு செய்துகொள்வேன்.

என் அந்தோணியார் கள்ளக்குறிச்சிப் பக்கம், மானாவாரிக் காட்டுக்கு நடுவில் இருப்பவர். காணாமல் போன மாட்டைத் தேடிக் கொடுப்பார். சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்கு ஓடிப்போன புருஷனை மூன்றே செவ்வாய்க்கிழமையில் திருப்பி அனுப்பிய கதையும் எங்கள் தெருவில் உண்டு. கிடா வெட்டிப் பொங்கல் வைத்து, கோயில் வாசலிலேயே பந்தி போட்டால் அவருக்குச் சந்தோஷம். என் வீட்டுக்காரரின் அந்தோணியாரோ திருநெல்வேலிக் கடற்கரையில் நிற்பவர். கப்பலில் வந்தவர் என்பார்கள். மாட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? வழி தவறிய படகும் அறுந்து போன வலையும்தான் அவருடைய கவலை. அங்கே போனால் கடலில் குளிக்க வேண்டும், மணலில் படுக்க வேண்டும், வந்தவர் எல்லாருக்கும் அசனம் என்று சோறு போட வேண்டும். இரண்டு பேருக்கும் அதே காவி அங்கி, கையில் அதே குழந்தை இயேசு, அதே லீலிப்பூ. ஆனால் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள் என்றுதான் சொல்வாள். அவர் ஊரிலும் அப்படித்தான்.

நாங்கள் சந்தித்தது மூன்றாவது அந்தோணியார் முன்னால். ஒரகடத்தில் கம்பெனிகள் வந்த பிறகு, தகரக் கூரை போட்டுக் கட்டிய சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. கோயில் சூசையப்பர் பெயரில். தச்சு வேலை செய்தவர், தொழிலாளிகளுக்குப் பாதுகாவலர், தொழிற்பேட்டைக்கு அவரை விட்டால் வேறு யார் பொருத்தம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கூட்டம் என்னவோ செவ்வாய்க்கிழமைதான், ஓரமாக ஒரு மாடத்தில் நிற்கும் அந்தோணியாரின் நவநாள் ஜெபத்துக்கு. பாவம் சூசையப்பர், வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தும் விருந்தாளியைப் போல நிற்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் ஷிப்ட் முடித்த பெண்கள் கம்பெனி யூனிபார்மோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து முட்டி போடுவார்கள். மன்றாட்டு வேளையில் ஒவ்வொருத்தியும் தன் ஊர்ப் புனிதரை உள்ளே இழுத்துக்கொண்டு வருவாள். நாகர்கோவில்காரி சவேரியாரே என்பாள். ராமநாதபுரத்துக்காரி அருளானந்தரே என்பாள். தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு மாதாவைத் தவிர யாரும் கண்ணில் படமாட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் நான்கு பேர் கடைசி வரிசையில் தங்கள் பாஷையில் ஒரு பாட்டை மெதுவாகப் பாடுவார்கள். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது, ஆனாலும் அவர்கள் முடிக்கும்வரை எல்லோரும் காத்திருப்போம். ஊரை விட்டு வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை விட்டுவிட்டு வரலாம், புனிதரை விட்டுவிட்டு வர முடியாது. இதை மூடநம்பிக்கை என்று சிரித்த ஒரு சூப்பர்வைசரிடம் நான் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். எனக்கு வாயும் கோபமும் கொஞ்சம் அதிகம்தான்.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போன் கம்பெனியில் லைனில் நின்றேன். அவர் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில். நவநாளில் நானாகத்தான் முதலில் பேசினேன். மெழுகுவர்த்தியை அணைத்துப் பாதியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார், அதைத் தட்டிக் கேட்டேன். எங்கள் கோயிலில் வைத்த மெழுகுவர்த்தியைத் திரும்ப எடுக்கக் கூடாது. அவர்கள் ஊரில் எரிந்த மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், கடல் சீறும்போது ஏற்றுவார்களாம். ஒரகடத்தில் எங்கே கடல் சீறப் போகிறது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஒரு வருஷம் கழித்துக் கல்யாணம். இரண்டு வீட்டிலும் முதலில் முகம் கொடுக்கவில்லை. "அவங்களும் அந்தோணியாரக் கும்புடறவங்கதானே" என்று என் அம்மாதான் ஒரு வழியாக அப்பாவைச் சரிக்கட்டினாள். அதே அந்தோணியார் பின்னால் என்ன பாடு படுத்தப் போகிறார் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியாது.

பிள்ளை உண்டாகி ஏழாம் மாதம் முடியப் போகிற நேரம். இரண்டு நாளாகத் தலைவலி இருந்தது, வெயில் என்று விட்டுவிட்டேன். காலை பத்து மணிக்கு லைனில் நின்றபடியே கண் இருட்டியது. அப்புறம் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. ரத்த அழுத்தம் ஏறி, கை கால் இழுத்து, கம்பெனி வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள் என்று பின்னால் சொன்னார்கள். நான் கண் விழித்தபோது இரண்டு நாள் ஓடியிருந்தது. "பொண்ணு. கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க" என்று நர்ஸ் சொன்னாள். ஒரு கிலோ முந்நூறு கிராம். என்னால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. படுத்தபடியே மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். அந்தோணியாரே, இவளை என் கையில் கொடு, பிறந்த முடியை நம்ம ஊருக்கு வந்து உன் காலடியில் போடுகிறேன் என்றேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

இருபத்திரண்டாம் நாள் அவளை என் கையில் கொடுத்தார்கள். ஒரு கை அளவுதான் இருந்தாள், தலையில் மட்டும் கருகருவென்று முடி. வீட்டுக்காரர் அந்த முடியைத் தொட்டுப் பார்த்து, "இத அந்தோணியாருக்கு நேந்திருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "நானும் அவருக்குத்தாங்க வேண்டியிருக்கேன்" என்றேன். அன்றைக்கு நாங்கள் இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஒரே சாமியை, ஒரே ஆஸ்பத்திரியில், ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமலே கூப்பிட்டிருக்கிறோமே என்று நான் பக்கத்துக் கட்டில்காரியிடம்கூடப் பெருமையடித்தேன்.

அந்தச் சந்தோஷம் சரியாக ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் ரயில் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷம் திரும்புவதற்குள் மொட்டை போட வேண்டும், திருநெல்வேலி ரயிலில் இடமே கிடைப்பதில்லை, முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும் என்றார்.

"கள்ளக்குறிச்சி போறதுக்கு எதுக்குங்க திருநெல்வேலி ரயிலு?" என்றேன்.

அவர் போனைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

பிறந்த முடி ஒரு முறைதான் வரும். அதற்குப் பிறகு வளர்வதெல்லாம் வெறும் முடி. இதில் எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. அவர்கள் நேர்ச்சை என்பார்கள், நாங்கள் வேண்டுதல் என்போம், கோயில் புத்தகத்தில் பொருத்தனை என்று போட்டிருக்கும். எந்தச் சொல்லைச் சொன்னாலும் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்தோணியார் பழி வாங்குவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பிள்ளைக்கு லேசாக மூச்சு இழுத்தாலும், பால் கக்கினாலும், அந்த மின்விசிறியும் நான் சொன்ன வார்த்தையும் மனதில் வந்து நின்றுவிடும். கேட்டதை வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாதவளாக நான் இருக்கக் கூடாது. இருந்தால் அவளை யார் காப்பாற்றுவார்கள்?

என் வீட்டுக்காரர் பொதுவாக விட்டுக் கொடுக்கிற மனுஷன். குழம்பில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். இந்த விஷயத்தில் மட்டும் கல்லாகிவிட்டார். ஏன் என்று கேட்டால், "நேந்தாச்சு" என்று ஒரே சொல். பெற்றவள் நான், என் வேண்டுதல்தான் பெரிது என்று கத்தினேன். "அவர்ட்ட மொதல்ல பேசுனவன் நான். நீ அப்ப கண்ணே தெறக்கல" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார். பேசுகிற ஆளோடு சண்டை போடலாம், பேசாத ஆளோடு என்ன செய்வது? பெயர் வைப்பதில் மட்டும் சண்டை வரவில்லை. இரண்டு பக்கமும் அந்தோணியார் பெயரைத்தான் சொல்லியிருந்தோம், ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது.

சூசையப்பர் கோயில் சாமியாரிடம் போனோம். அவர் நல்லவர், இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, மோட்சத்துல ஒரே ஒரு அந்தோணியார்தான் இருக்கார்" என்றார்.

"மோட்சத்துல இருக்கலாம் ஃபாதர். ஊர்ல அப்பிடி இல்லியே" என்றேன்.

அப்படியென்றால் இங்கேயே, நம்ம சூசையப்பர் கோயிலில் மொட்டை போட்டுவிடலாம், இங்கேயும் அந்தோணியார் இருக்கிறாரே என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் அது முடியாது என்றோம். ஒன்பது மாதத்தில் பெயரைத் தவிர நாங்கள் ஒற்றுமையாகச் சொன்னது அது ஒன்றுதான். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களை ஆசீர்வதித்து அனுப்பினார்.

எங்கள் கஷ்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவள் வீட்டு ஓனர் அக்காதான். அவள் எல்லையம்மனைக் கும்பிடுகிறவள். பிள்ளைக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல இன்னாமா தப்பு? எங்கம்மா வூட்டு எல்லையம்மா வேற, இங்க கீற எல்லையம்மா வேற. அங்க வேண்டிக்கினத இங்க செஞ்சா அவ ஒத்துப்பாளா?" என்றாள். எனக்குக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவள் சொன்ன வழிதான் சரியில்லை. "பேசாம முன்பாதி உன் ஊர்ல, பின்பாதி அவரு ஊர்லன்னு போட்டுட்டு வாங்க" என்றாள். அதை என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசிக்கக்கூடச் செய்தார். பாதி மொட்டையோடு என் பிள்ளையைத் திருநெல்வேலி ரயிலில் ஏற்றுவதா? ஏற்கெனவே இரண்டு ஊர்ப் பெரியவர்களும் போனில் கேட்கிற கேள்விக்குப் பதில் இல்லை. என் அம்மா கிடாக்குட்டி வாங்கிக் கட்டிவிட்டதாகச் சொன்னாள். என் மாமியார் அசனத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரிடமும் சரி சரி என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

சித்திரை வந்தது. தகர ஷீட் போட்ட அறையில் வெயில் காலம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் தலை முழுக்க வேனல் கட்டிகள் கிளம்பின. முடிக்குள் மறைந்து பழுத்து, தொட்டாலே வீறிட்டாள். தலையணையில் படுக்க முடியாமல் என் தோளிலேயே கிடந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, முடியை எடுத்தால்தான் மருந்து போட முடியும், இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்றார். "மொட்டை வேண்டுதல் இருந்தா சீக்கிரம் முடிச்சிடுங்கம்மா" என்று அவராகவே சொன்னார். இந்த ஊர் டாக்டருக்கு இதெல்லாம் பழக்கம்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கள்ளக்குறிச்சி நான்கு மணி நேரம், திருநெல்வேலிக் கரைக்குப் போய்ச் சேர ஒரு முழு நாள். கட்டியோடு பிள்ளையை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நம்மூருக்குப் போவ நாலு நா லீவு சொல்லிப் பாக்குதேன்" என்றார். அந்த நிலையிலும் அவர் மனசு மாறவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறாக்கவில்லை.

மறுநாள் அவர் முதல் ஷிப்டுக்குப் போனதும் ஒரு பையில் நான்கு துணியைத் திணித்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். செங்கல்பட்டு போய், அங்கிருந்து பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் அம்மா வீடு. முடியைக் கொடுத்துவிட்டு வந்து அப்புறம் காலில் விழுந்துகொள்ளலாம் என்பது என் திட்டம். விழுகிற ஆள் நான் இல்லை என்பது வேறு விஷயம்.

பிளாட்பாரத்தில் வேப்ப மரத்து நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ரயிலுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. படிக்கட்டில் யாரோ கனமான பூட்ஸோடு ஓடி வருகிற சத்தம். அவர்தான். பாதுகாப்பு ஷூவைக்கூட மாற்றவில்லை, கழுத்தில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. ஓனர் அக்கா போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"எங்கட்டி போற?"

"எங்கம்மா வூட்டுக்கு."

"மொட்ட போடவா?"

"ஆமா. இன்னா பண்ணுவ?" கோபம் வந்தால் எனக்கு நீங்க என்பது நீ ஆகிவிடும்.

அவர் என்னைத் தடுக்கவில்லை. பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அவர் அதைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"போ. நான் வேண்டாங்கல. ஒண்ணு மட்டும் சொல்லுதேன், கேட்டுட்டுப் போ" என்றார். கழுத்தில் ஆடிய அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில என்னக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குனாவ. ரெண்டு உசுரும் சந்தேகந்தான்னு சொன்னாவ. நான் வெளிய வந்து செவத்தப் பாத்து நின்னுக்கிட்டு அந்தோணியார்ட்ட கேட்டேன். நான் பாப்பாவக் கேக்கல. ஒன்னய மட்டுந்தான் கேட்டேன்."

"இன்னா சொல்றீங்க?"

"புள்ளய வேணும்னா எடுத்துக்கிடும், இவள விட்டுரும்னு சொன்னேன். நீ பொழச்சா ஊருக்கு வந்து நேர்ச்ச செலுத்துதேன்னேன். என்ன நேர்ச்சன்னுகூடச் சொல்லல. அப்புறம் பாத்தா அவ கண்ணாடிப் பெட்டிக்குள்ள கால ஆட்டிக்கிட்டுக் கெடக்கா. நான் எடுத்துக்கிடும்னு குடுத்த புள்ள. அவர் எடுக்கல. அந்த முடியயாவது அவர் கால்ல போட்டாத்தான் எனக்குப் பொறுக்கும்."

நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. அந்த ஆத்திரத்தை இப்போது எழுதும்போதும் என்னால் முழுதாக விட முடியவில்லை. "பெத்த புள்ளய எடுத்துக்கோன்னு சொல்ல ஒனக்கு எப்பிடி வாய் வந்துச்சு?" என்று கேட்டேன். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஒன்னத்தான எனக்குத் தெரியும். அவள நான் பாத்ததே இல்லயே" என்றார்.

செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஒன்பது மாதமாக இந்த மனுஷன் தன் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் எதை நினைத்துக்கொண்டு தூக்கியிருக்கிறார் என்று யோசித்தேன். நான் அவரை வறட்டுப் பிடிவாதக்காரர் என்று ஓனர் அக்காவிடமும், அம்மாவிடமும், லைனில் கூட நின்ற பெண்களிடமும் சொல்லித் தீர்த்திருக்கிறேன். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கோபத்துக்குள்ளேயே ஒரு அழுகை வந்தது. என் உயிரை ஒருத்தர் அப்படிக் கேட்டிருக்கிறார். நான் படுத்துக்கொண்டு வேண்டியபோது என்னையும் நினைக்கவில்லை, அவரையும் நினைக்கவில்லை.

அடுத்த வண்டி வந்தபோது, "ஏறுங்க" என்றேன். கம்பெனி ஷூவோடு அப்படியே ஏறினார்.

எங்கள் ஊரில் மறுநாள் காலையில் மொட்டை நடந்தது. அவர்தான் பிள்ளையை மடியில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். கட்டிகளுக்கு இடையில் கத்தி போகும்போது அவள் கத்திய கத்தலுக்கு அவருக்கு வேர்த்து ஊற்றியது. முடியை நானே எடுத்துப் போய் அந்தோணியார் காலடியில் வைத்தேன். சந்தனம் பூசினோம், என் அம்மா ஆசைப்பட்ட கிடாவும் ஆயிற்று. என் வாக்கு முடிந்தது. அவர் வாக்கு பாக்கி இருந்தது. அதற்கும் நான் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். ஒரகடம் திரும்பியதும் திருநெல்வேலி ரயிலுக்கு நானே டிக்கெட் போட்டேன்.

கட்டியெல்லாம் ஆறிய பிறகு ஒரு மாதம் கழித்துப் போனோம். என் மாமியார் வாசலிலேயே பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார். அரை விரல் உயரம் முடி முளைத்திருந்தது. "எல்லாத்தையும் அங்க குடுத்துட்டு, மிச்சத்த இங்க கொண்டாந்தியளாக்கும்" என்றார். எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. அவர் வருத்தத்தில் நியாயம் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். அவருக்கும் ஒன்பது மாத எதிர்பார்ப்பு.

காலையில் கோயிலுக்குப் போனோம். கடல் அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, கோயில் வாசலில் நின்றாலே காற்றில் உப்பு கரித்தது. பந்தலுக்குக் கீழே நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் முதல் ஆளிடம் போய் நின்றேன். அவர் பிள்ளையைப் பார்த்து, "இதுக்குத்தான் போட்டாச்சே தாயி?" என்றார்.

"புள்ளைக்கு இல்லண்ணே, எனக்கு" என்று பலகையில் உட்கார்ந்தேன்.

பின்னால் வந்த என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "ஏட்டி, என்ன பண்ணுத? ஒன்ன யாரு கேட்டா?"

"நீங்கதான் கேட்டீங்க. கேட்டது என்னை. அப்போ குடுக்க வேண்டிய முடி என்னுதுதானே?"

அவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் என்ன பேசுகிறேன் என்று மாமியாருக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தார். ஜடை மடியில் விழுந்தபோது, பெரிய வருத்தம் ஒன்றும் வரவில்லை. கழுத்தில் காற்று பட்டது புதிதாக இருந்தது. முடிந்ததும் எழுந்து அவரிடம் போனேன். பிள்ளை என்னை அடையாளம் தெரியாமல் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இவளத் தூக்கிக்கினு உள்ள போங்க. அன்னிக்குக் கேக்காதத இன்னிக்குக் கேளுங்க. இவளக் கேளுங்க" என்றேன்.

அவர் போனார். நான் வெளியிலேயே நின்றேன், அது அவர்கள் மூன்று பேருக்குள் இருக்கட்டும் என்று. உள்ளே ரொம்ப நேரம் ஆனது. வெளியே வந்தபோது அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது, பிள்ளை அவர் சட்டைப் பட்டனைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா?"

தலையை ஆட்டினார்.

"இன்னா நேர்ந்துக்கினீங்க?"

அவர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, நான் எழுந்த பலகையில் போய் உட்கார்ந்து நாவிதருக்கு முன்னால் தலையைக் குனிந்தார்.